லேப் பட்டாளத்தார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, போன ஐப்பசியில் காலமானார். 74 வயது. காரியம் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். காங்கேயம், சென்னிமலை, பெருந்துறை, வெள்ளகோவில் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பாதிப் பேரை எங்களுக்கு அடையாளம் தெரியாது. "எனக்கு ரத்தம் எடுத்தவருங்க" என்று சொல்லித் திண்ணையில் உட்காருகிறார்கள். அப்புறம் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அம்மிச்சி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லிக் களைத்துப் போகிறார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மகள் வயிற்றுப் பேத்தி. பள்ளிக்கூட லீவு முழுக்க அப்பிச்சியின் லேப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவள்.

பெயர் போடவில்லை. தன்னைப் பற்றி யாராவது எழுதினால் பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் "லேப் பட்டாளத்தார்" என்றால் போதும்.

பட்டாளத்தில் அவர் டாக்டராக இருந்தாரா?

இல்லை. இதைத்தான் அவரும் கடைசிவரை திருத்திக்கொண்டிருந்தார். யாராவது "டாக்டரய்யா" என்றால் உடனே, "டாக்டர் உள்ளே இருக்காருங்க, நான் லேப்பு" என்பார்.

அவர் இருந்தது ராணுவத்தின் மருத்துவப் பிரிவான ஆர்மி மெடிக்கல் கோர். 1943 ஏப்ரல் 3 அன்று உருவான பிரிவு. வருடா வருடம் அந்தத் தேதியில் அம்மிச்சியிடம் ஒப்புட்டு (போளி) போடச் சொல்வார். டாக்டர்கள் அங்கே ஆபீசர்கள். டாக்டரின் கை நீளும் தூரம் குறைவு, மீதி வேலையை மற்றவர்கள்தான் பார்க்க வேண்டும்: ஸ்ட்ரெச்சர் தூக்கிக் கட்டுப் போடுகிற ஆம்புலன்ஸ் அசிஸ்டென்ட், நர்சிங் அசிஸ்டென்ட், ஆபரேஷன் தியேட்டரில் நிற்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், ரத்தமும் சளியும் பார்க்கிற லேப் ஆள். அப்பிச்சி 1968இல், 18 வயதில், ஆம்புலன்ஸ் அசிஸ்டென்டாகச் சேர்ந்தார். சில வருடம் கழித்துத்தான் லேப் வேலைக்குப் படித்து மாறினார்.

எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போகிறவர்கள் குறைவு. வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. இங்கே காடு, தோட்டம், தறி, மாடு என்று இருந்துவிடுவார்கள். இவர் போனதற்குக் காரணம் கிணறு. மேட்டாங்காடு நான்கு ஏக்கர், கிணற்றில் தண்ணீர் இல்லை, தங்கைகள் மூன்று பேர். கோயமுத்தூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். பயிற்சி லக்னோவில். அந்தப் பிரிவின் வாசகம் "சர்வே சந்து நிராமயா". எல்லோரும் நோயில்லாமல் இருக்கட்டும் என்று அர்த்தம். இந்தியே தெரியாமல் போய் இறங்கியவருக்கு முதலில் மனப்பாடம் ஆனது அதுதானாம்.

சண்டைக்குப் போனாரா? யாரையாவது சுட்டிருக்கிறாரா?

சிறுவர்கள் கட்டாயம் கேட்கிற கேள்வி. பெரியவர்கள் இரண்டாவது காப்பிக்கு அப்புறம் கேட்பார்கள்.

போனார். 1971 டிசம்பர் 3 முதல் 16 வரை பாகிஸ்தானோடு நடந்த போர், கிழக்குப் பக்கம். யாரையும் சுடவில்லை. அவர் இருந்தது ஒரு ஃபீல்ட் ஆம்புலன்ஸில். பெயரைக் கேட்டு எல்லோரும் வண்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வண்டி இல்லை, ஒரு முழு மருத்துவ யூனிட்டின் பெயர். முன்னணியில் அடிபட்டவருக்குப் பட்டாலியன் டாக்டர் அவசரக் கட்டுப் போட்டு அனுப்புவார். அடுத்து வந்து சேரும் இடம் இது. ரத்தத்தை நிறுத்தி, சலைன் ஏற்றி, உயிரைப் பிடித்துவைத்துப் பின்னாலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் தூங்கிய நேரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பார். அதற்கு மேல் அந்தக் கூடாரத்துக்குள் நடந்ததை அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவர் விரும்பிச் சொன்னது அதற்கு முன்பும் பின்பும் நடந்தவற்றை. அந்த வருடம் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், பன்காவ்ன் என்ற எல்லையூரில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்பவர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து வாய்வழியாகவே குடிக்கவைத்தார். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் போல இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்தச் செய்தி படைப்பிரிவு ஆட்கள் வாய்வழியாக அப்பிச்சிக்கு வந்து சேர்ந்தது. ஊசியும் பாட்டிலும் இல்லாமல், குடம் தண்ணீரை வைத்து உயிரைக் காப்பாற்ற முடியும் என்பது அவரை உலுக்கிவிட்டது.

ஊருக்கு வந்தபிறகு பேதி என்று யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் முதலில் அதைத்தான் சொல்லித் தருவார். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைக்க வேண்டும். "உப்பு கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாதுங்க அம்மிணி, நீங்களே நாக்குல வச்சுப் பாருங்க" என்பார். எங்கள் ஊர்ப் பெண்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இந்த அளவு தெரியும். 2022இல் மஹலனாபிஸ் இறந்த செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி, லேப்பில் முருகன் படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தார்.

அப்புறம் கைதிகள். கிழக்கு முனையில் சரணடைந்த ஏறத்தாழ 93,000 பேரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் நம் ராணுவ ஆஸ்பத்திரிகள்தான் பார்த்தன. ஜெனீவா ஒப்பந்தப்படி அப்படித்தான் பார்க்கவும் வேண்டும். அப்பிச்சிக்கு ஒரு வார்டில் வேலை. "எங்கே வலிக்குது" என்று உருதுவில் கேட்கக் கற்றுக்கொண்டார். இவர் வயதே இருந்த ஒரு கைதி, கட்டு மாற்றும்போதெல்லாம் இவர் கையைப் பிடித்துக்கொள்வாராம். ஒரு நாள் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களா, வேறு ஏதாவதா என்று கேட்க அன்றைக்குத் தைரியம் வரவில்லை என்பார். ஐம்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும்.

படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெடல்கள் எதற்குக் கொடுத்தது?

பூர்வி ஸ்டார், 1971இல் கிழக்கு முனையில் இருந்ததற்கு. சங்கிராம் மெடல், அந்தப் போர்க்காலத்தில் பணியில் இருந்தவர்களுக்கு. இன்னொன்று 1972இல் சுதந்திர வெள்ளி விழாவுக்கு, அப்போது படையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது. மற்றது ஒன்பது வருடச் சேவைக்கு. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் அவருடைய நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். தொட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. அவர் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவார்.

36 வயதிலேயே ஏன் வந்துவிட்டார்?

18 வருடச் சர்வீஸ் முடித்து ஹவில்தாராக 1986இல் வந்தார். சிப்பாய்களுக்கு 15 வருடம் இருந்தால் பென்ஷன் உண்டு. துரத்திவிட்டார்கள், சண்டை போட்டு வந்தார் என்றெல்லாம் ஒரு பேச்சு ஊரில் உண்டு, அது பொய். அம்மிச்சி தனியாக மாடும் காடும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் காரணம்.

லேப்பில் அப்படி என்னதான் செய்தார்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு உள்ளே மகிழ்ச்சி வரும்.

சென்னிமலைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் பக்கவாட்டில் பத்துக்குப் பத்து அறை. ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கக் கையால் சுற்றுகிற சென்ட்ரிஃபியூஜ், கண்ணாடிக் குழாய்கள். இப்போது மாதிரி ரத்தத்தை மெஷினில் வைத்தால் காகிதம் வெளியே வருகிற காலம் இல்லை அது. கண்ணும் கையும்தான் மெஷின்.

சிறுநீரில் சர்க்கரை பார்ப்பது எனக்குத் திருவிழா. பெனடிக்ட் திரவம் 5 மில்லி, நீல நிறம். அதில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு விளக்கில் காட்டுவார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று போகப் போகச் சர்க்கரை கூடுதல். நான் கைதட்டுவேன். செங்கல் நிறம் வந்த ஒரு நாள் அப்பிச்சி என் கையைப் பிடித்து நிறுத்தி, "இது ஒருத்தரோட உடம்பு சாமி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் கைதட்டியதில்லை.

ரத்தசோகை பார்க்க சாலி முறை. அளவுக் குழாயில் கொஞ்சம் நீர்த்த அமிலம், அதில் விரல் நுனியிலிருந்து 0.02 மில்லி ரத்தம். பத்து நிமிடம் விட்டால் பழுப்பாகும். அப்புறம் பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். வெளிச்சம் சரியாக இல்லாவிட்டால் தப்பாகிவிடும். அதனால் மழை மூட்டமாக இருந்தால் குழாயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்து நிற்பார். பாதையில் போகிறவர்கள் பட்டாளத்தார் சூரியனைக் கும்பிடுகிறார் என்று நினைத்தார்களாம். கர்ப்பமாக வருகிற பெண்களுக்கு ஹீமோகுளோபின் ஏழு, எட்டு என்று வந்துவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, டாக்டர் சொல்கிற மாத்திரையோடு முருங்கைக்கீரையும் கம்பும் சேர்க்கச் சொல்லி, மறக்காமல் அடுத்த மாதம் வரச் சொல்வார். வராவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய்விடுவார்.

அதிக நேரம் எடுத்தது சளிப் பரிசோதனை, காசநோய்க்காக. ஸ்லைடில் சளியைத் தடவிக் காயவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி ஆவி வரும்வரை கீழே சூடு காட்ட வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. பிறகு அமிலம், பிறகு நீலச் சாயம். கிருமி இருந்தால் நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். இல்லை என்று எழுத வேண்டுமானால் குறைந்தது நூறு இடமாவது பார்க்க வேண்டும். நூறு இடம் என்றால் ஒரு ஸ்லைடுக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். நாள் முடிகிற நேரம் கடைசி ஸ்லைடுக்கும் நூறு பார்ப்பார். அம்மிச்சி கொள்ளு ரசம் ஆறிப்போகிறது என்று ஆள் அனுப்பினாலும் எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுந்திரிப்பார். இல்லை என்று எழுதுவதுதான் கஷ்டம், இருக்கிறது என்று எழுத ஒரு குச்சி கண்ணில் பட்டாலே போதும் என்பார்.

அவர் ஊசி போட்டால் வலிக்காது என்கிறார்களே, என்ன ரகசியம்?

ரகசியம் இல்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஸ்பிரிட் தடவினால் அது காயும்வரை காத்திருப்பார். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட் உள்ளே போய்த்தான் சுரீரென்று எரிகிறது. நரம்பைக் கண்ணால் தேடாமல் விரலால் தேடுவார். கறுத்த தோல், கிழவிகளின் சுருங்கிய கை, தறி ஓட்டுகிறவர்களின் காய்த்த கை எல்லாவற்றிலும் விரலுக்கு மட்டும்தான் தெரியும். ரத்தம் வந்தவுடன் கையில் கட்டிய ரப்பரை அவிழ்த்துவிட்டுத்தான் ஊசியை உருவுவார். பிறகு கையை மடக்கவிடாமல் நீட்டியபடி பஞ்சை அழுத்தச் சொல்வார். கண்ணாடி சிரிஞ்சு இருந்த காலத்தில் ராத்திரி ஊசிகளைக் கல்லில் தீட்டி, காலையில் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுப்பார். மொக்கை ஊசியால் குத்துவது நோயாளிக்குச் செய்கிற அநியாயம் என்பது அவர் எண்ணம்.

முக்கியமாக, ஒரு தடவை குத்திக் கிடைக்காவிட்டால் உள்ளே வைத்துத் துழாவமாட்டார். எடுத்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க ஆத்தா, என் தப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த கையைப் பார்ப்பார். உங்கள் நரம்பு சரியில்லை என்று யாரிடமும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காகக் கடலை மிட்டாய் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். அதற்குக் காசு கிடையாது.

ஒவ்வொரு தடவையும் பேர், ஊர், வயசு எல்லாம் கேட்பாரே, தெரிந்தவர்களிடம்கூட?

ஆமாம். என் அம்மாவுக்கு ரத்தம் எடுக்கும்போதும் கேட்டார். சொந்த மகளிடம்! சிரிக்காமல் கேட்டார், அம்மாவும் சிரிக்காமல் சொன்னார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரியும்.

ஊருக்கு வந்து ஐந்தாறு வருடம் ஆனபோது நடந்தது. எங்கள் பக்கம் தெருவுக்கு நான்கு பழனியம்மாள் இருப்பார்கள். ஒரே நாள் காலையில், ஒரே பெயரில் இரண்டு பேர் சர்க்கரை பார்க்க வந்தார்கள். கூட்டமாக இருந்ததால் பாட்டிலில் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். சீட்டு மாறிவிட்டது. ஒன்றுமில்லாதவருக்குச் சர்க்கரை என்றும், சர்க்கரை இருந்தவருக்கு ஒன்றுமில்லை என்றும் போய்விட்டது. சாயங்காலம் நோட்டைச் சரிபார்க்கும்போது வயது இடித்தது, பிடித்துவிட்டார்.

அப்போது பொழுது இறங்கிவிட்டது, பஸ் இல்லை. சைக்கிளில் ஒரு ஊர் எட்டு கிலோமீட்டர், அங்கிருந்து இன்னொரு ஊர் ஐந்து. முதல் வீட்டில் மாத்திரை விழுங்கப் போகும் நேரத்தில் போய் நிறுத்தினார். இரண்டாவது வீட்டில் பொங்கல் சோறும் பாயசமும் வைத்துச் சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நோய் இல்லை என்ற சீட்டு வந்ததற்காக. அந்த வாசலில் நின்று, தப்பு தன்னுடையது என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மாவின் முகம் விழுந்ததைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சண்டையைப் பற்றிப் பேசாதவர் இதை மட்டும் பேசுவார், என்னிடம், என் தம்பியிடம், வேலை பழக வந்த ஒவ்வொரு பையனிடமும்.

அன்றிலிருந்து பாட்டில், குழாய், ஸ்லைடு எதுவானாலும் நோயாளி முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே பெயர், ஊர், வயது மூன்றையும் எழுதி, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வாசிப்பார். ஆளைப் பார்த்து "நீங்கதானே இன்னார்?" என்று கேட்கமாட்டார். காய்ச்சலில் இருப்பவர் எதற்கும் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார். அதனால் "உங்க பேர் சொல்லுங்க" என்றுதான் கேட்பார், அவர்கள் வாயால் வர வேண்டும்.

அவரை அன்பானவர், தங்கமானவர் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். உண்மைதான். ஆனால் எனக்குத் தெரிந்து அவருடைய அன்பு பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது: ஸ்பிரிட் காயும்வரை காத்திருப்பது, நூறாவது இடத்தையும் பார்ப்பது, பெயரை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவது. இனிமையாகப் பேசுவது அதற்கு அப்புறம்தான்.

ரிசல்ட்டை வாயால் சொல்லவே மாட்டார், ஏன்?

டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. வரிசையில் பத்துப் பேர் காதில் விழும்படி ஒருவருடைய நோயைச் சொல்லக்கூடாது என்பது இன்னொன்று. சீட்டை மடித்து, கவரில் போட்டு, அவரவர் கையில்தான் கொடுப்பார். கணவர் கேட்டாலும் மனைவியின் சீட்டைக் கொடுக்கமாட்டார். இதனால் ஒன்றிரண்டு சண்டை வந்திருக்கிறது.

காசநோய் என்று வந்துவிட்டால் மட்டும் சீட்டோடு விட்டுவிடமாட்டார். அந்தக் காலத்தில் காசநோய் ஆஸ்பத்திரியான பெருந்துறை சானடோரியத்தின் பெயரைக் கேட்டாலே சனங்கள் மிரண்டார்கள். போனால் திரும்பி வரமாட்டோம், தெரிந்தால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்ற பயம். லீவு நாளில் கூடவே பஸ் ஏறிப் போய்க் காட்டிவிட்டு வருவார். யாரைக் கூட்டிப் போனார் என்று அம்மிச்சியிடம்கூடச் சொன்னதில்லை. துக்கத்துக்கு வந்த மூன்று பேர் அவர்களாகவே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

காசே வாங்கமாட்டாராமே?

வாங்குவார். இப்படி ஒரு கதை பரவுவது அவருக்குப் பிடிக்காது. சாயத்துக்கும் மருந்துக்கும் செலவு இருக்கிறது. இல்லாதவர்கள் வந்தால் "அப்புறம் குடுங்க" என்று நோட்டில் எழுதுவார். அந்த நோட்டை அவர் திரும்பிப் பார்த்து நாங்கள் கண்டதில்லை, அவ்வளவுதான். இப்போது யாரும் அந்தக் கடனைக் கொண்டுவந்து தர வேண்டாம். அம்மிச்சி வாங்கமாட்டார்.

வடக்கத்திப் பையன்கள் இத்தனை பேர் எழவுக்கு வந்தார்களே, எப்படிப் பழக்கம்?

திருப்பூர் பனியன் கம்பெனிகள், பெருந்துறை சிப்காட், நூல்மில் என்று ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து பையன்கள் வர ஆரம்பித்தபோது அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பெரிய திண்டாட்டம். எங்கே வலிக்கிறது என்று சொல்லவே வழியில்லை. இவருக்குப் பட்டாளத்து இந்தி இருந்தது, கொஞ்சம் வங்காளமும் தெரியும். அவர்கள் வந்து பேச ஆரம்பித்தால் அவருக்கும் முகம் மலர்ந்துவிடும். டாக்டரிடம் கூட உட்கார்ந்து மொழிபெயர்ப்பார்.

குளிர்காய்ச்சலோடு வந்தால், ஊரிலிருந்து எப்போது வந்தாய் என்று கேட்டுவிட்டு மலேரியாவுக்கு ஸ்லைடு போடுவார். நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சந்தேகம் சட்டென்று வராது. "சாச்சா" என்று கூப்பிடுவார்கள். 18 வயதில் பாஷை தெரியாத ஊரில் காய்ச்சலோடு படுத்திருந்ததை நான் மறக்கவில்லை என்பார். லக்னோவில், முதல் குளிர்காலத்தில், ஒரு பஞ்சாபிக்காரர் தன் கம்பளியையும் இவர்மேல் போர்த்திவிட்டுப் போனாராம்.

ரத்த குரூப் எழுதிய நோட்டு ஒன்று இருந்ததே, யாரிடம் இருக்கிறது?

எங்களிடம்தான். நீள அக்கவுண்ட் நோட்டு. சுற்றுவட்டாரத்தில் யாருக்கு என்ன குரூப், எந்த ஊர், கடைசியாக எப்போது கொடுத்தார் என்று இருக்கும். போன் வராத காலத்தில் பிரசவத்துக்கு ரத்தம் வேண்டுமென்றால் நோட்டைப் பார்த்து சைக்கிளில் ஆள் அனுப்புவார், கொடுப்பவரைக் கூட்டிக்கொண்டு ஈரோடு போவார்கள். 1998 தொடக்கத்திலிருந்து காசுக்கு ரத்தம் விற்பது நாட்டில் தடைசெய்யப்பட்டது. அதற்கு வெகுநாள் முன்பே, காசு கேட்பவர் பெயரை அவர் நோட்டில் சேர்த்ததில்லை.

நோட்டைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் மற்றவர்களுடைய விவரம் அதில் இருப்பதால் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ரத்தம் கொடுக்க விருப்பம் இருந்தால் நேராக ரத்த வங்கியில் பதிந்துகொள்ளுங்கள். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம்.

தேசியக் கொடி போர்த்தவில்லையே, ஏன்?

இதில் சிலருக்கு எங்கள்மேல் வருத்தம். விதி அப்படி. அரசு மரியாதையோடோ ராணுவ மரியாதையோடோ நடக்கிற இறுதிச் சடங்கில்தான் கொடி போர்த்தலாம், வீட்டார் தனியாக நடத்தும் சடங்கில் போர்த்தக்கூடாது. அப்பிச்சியே இதை ஒரு எழவு வீட்டில் பெரியவர்களிடம் பணிவாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். தலைமாட்டில் அவர் தொப்பியையும் மெடல்களையும் வைத்தோம். பழைய பட்டாளத்து நண்பர்கள் ஆறு பேர் வந்து வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். ஒருவருக்கு வாக்கர் இல்லாமல் நிற்க முடியாது, அதை விட்டுவிட்டு நின்றார். அஸ்தியைக் கொடுமுடியில் காவிரியில் கரைத்தோம்.

கண் தானம் செய்தீர்களாமே? ஆபரேஷன் செய்த கண்ணை எடுப்பார்களா?

எடுப்பார்கள். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது, சர்க்கரையும் இருந்தது. தானமாக எடுப்பது கருவிழிப் படலத்தை, அதனால் தடையில்லை. உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வரும்வரை இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலைக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். இதெல்லாம் அவரே எழுதி பீரோவில் ஒட்டிவைத்திருந்தார். இருபது நிமிட வேலை, முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நூறு இடம் பார்த்த கண் என்று அம்மிச்சி சொன்னபோதுதான் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

அம்மிச்சிக்குப் பென்ஷன் வருகிறதா? எங்கள் வீட்டிலும் ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிறார், என்ன செய்து வைக்க வேண்டும்?

வருகிறது. சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதக் கணக்கு. ஆனால் தாமதமானது, அதற்குக் காரணம் ஒரு எழுத்து. படை ஆவணத்தில் அம்மிச்சியின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. எல்லோர் குழாயிலும் பெயரைச் சரிபார்த்தவர் இதை விட்டுவிட்டாரே என்று மனசு ஆறவில்லை. உங்கள் வீட்டில் அவர் உயிரோடு இருக்கும்போதே டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் உத்தரவையும் எடுத்து, மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தப் பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதித் திருத்துங்கள். எங்களுக்கு அது லக்னோ. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுத உதவுவார்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் 2003இல் தொடங்கியது, குடும்ப பென்ஷன் வாங்கும் மனைவிக்கும் அது உண்டு. நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்க மறக்காதீர்கள்.

மைக்ரோஸ்கோப்பை என்ன செய்தீர்கள்?

வீட்டில்தான் இருக்கிறது, அவர் துண்டு போர்த்தியபடி. விற்க மாட்டோம்.

கடைசியாக என்ன பேசினார்?

கடைசி வாரம் கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். மூச்சுத் திணறல். அதிகம் பேசவில்லை. அம்மிச்சி சந்தகை கொண்டுவந்தால் ஒரு வாய் சாப்பிடுவார்.

ஒரு விடிகாலை ரத்தம் எடுக்க ஒரு பெண் வந்தது. வேலைக்குப் புதிது, இருபது வயதுகூட இருக்காது. ராத்திரி டியூட்டி முடிகிற நேரம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஸ்பிரிட் தடவியது, ரப்பர் கட்டியது. அப்பிச்சி கண்ணைத் திறந்து, "பேரைக் கேளு சாமி" என்றார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தது. "எம்பேரைக் கேளு" என்றார் மறுபடியும். கோபமாகச் சொல்லவில்லை. லேப்புக்குப் பழக வருகிற பையன்களிடம் பேசுகிற குரல்.

"உங்க பேரு சொல்லுங்க தாத்தா" என்றது.

மூச்சு வாங்கி வாங்கி, பெயர் சொன்னார், ஊர் சொன்னார், வயது சொன்னார். நிறுத்திவிட்டு, பட்டாளத்து நம்பரையும் சொன்னார், ஒரு எண்கூட விடாமல். அந்தப் பெண் குழாயில் எழுதியது. நம்பரையும் சேர்த்தே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டியது. அவர் தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினார்.